கூடத்தில் ஒரு நாவல்: வீட்டில் வாசிப்பு வட்டம் நடத்துகிறவர்களுக்குப் பயனுள்ள குறிப்புகள்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு எங்கள் வீட்டுக் கூடத்தில் வாசிப்பு வட்டம் கூடும். திருச்சியில் ஆறு வருஷமாக நடக்கிறது. சில மாதம் ஏழு பேர் வருவார்கள், சில மாதம் பன்னிரண்டு பேர். சரித்திரக் கதை, துப்பறியும் கதை, மொழிபெயர்ப்பு என்று பலதும் பேசியிருக்கிறோம். நாங்கள் அதிகம் தடுமாறியது, எழுத்தாளர் தன் வாழ்க்கையில் பாதியை எடுத்துக் கதையாக்கிய நாவல்களில்தான். அதிகம் பெற்றதும் அவற்றில்தான். போன வருஷம் அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ நாவலை எடுத்துக்கொண்டோம். அதற்காகச் செய்த ஏற்பாடுகளும், அதற்கு முன்னால் செய்த பிழைகளும் சொல்லிக்கொடுத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

1. எந்தப் புத்தகம் என்பதை ஐந்து வாரம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். எல்லோரும் வாங்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு பிரதிக்கு இரண்டு பேர் என்று ஜோடி சேர்த்துவிட்டால் செலவு பாதி. முதல் இரண்டு வாரம் ஒருவரிடம், அடுத்த இரண்டு வாரம் மற்றவரிடம். ஐந்தாவது வாரம் புத்தகம் யார் வீட்டில் இருக்கிறதோ அங்கே போய் இருவரும் சேர்ந்து புரட்டிப் பார்த்துக்கொள்ளலாம். மாவட்ட மைய நூலகத்திலும் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பழைய நாவல்கள் அங்கே யாரும் தொடாமல் தூசியோடு நிற்கும்.

2. வாங்கிய கையோடு பிரவுன் ஷீட்டில் அட்டை போட்டுவிடுங்கள். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுகிற அதே அட்டைதான். புத்தகம் அழுக்காகாது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய லாபம், பின்னட்டை மறைந்துவிடும். எழுத்தாளர் எங்கே பிறந்தார், அவர் அப்பா என்ன வேலை பார்த்தார், எது அவர் சொந்த அனுபவம் என்றெல்லாம் அச்சடித்திருப்பது அங்கேதான். அதைப் படித்துவிட்டு உள்ளே போகிறவர் நாவலைப் படிப்பதில்லை, ஒத்துப் பார்க்கிறார். பாமாவின் ‘கருக்கு’ பேசிய மாதம் எங்களுக்கு அதுதான் நேர்ந்தது. அவர் கன்னியர் மடத்தில் சேர்ந்தது, வெளியே வந்தது, ஆசிரியை ஆனது என்று ஒரு மணி நேரம் அவர் வாழ்க்கையைப் பேசினோம். புத்தகத்திலிருந்து ஒரு காட்சியைக்கூட எடுத்துப் பேசாமல் எழுந்து போனோம். அத்தனை கூர்மையான ஒரு புத்தகத்தை அப்படி வீணடித்தது இன்னும் எனக்கு உறுத்துகிறது.

3. பக்க எண்ணை வைத்துப் பேசாதீர்கள். ஒருவர் கையில் பழைய பதிப்பு இருக்கும், இன்னொருவர் கையில் புதிய பதிப்பு. “நூற்று நாற்பதாம் பக்கம்” என்று சொன்னதும் பத்து நிமிஷம் எல்லோரும் தாள் புரட்டுவார்கள். கிழித்த தினசரி காலண்டர் தாளை நீளவாக்கில் மூன்றாக வெட்டி, பிடித்த இடத்தில் வைத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்தத் துண்டின் பின்னால் என்ன நடக்கிற இடம் என்று ஒரு வரி எழுதிவைத்தால் போதும். பக்கத்தை மடிக்கக் கூடாது. கோடு போடுவதாக இருந்தால் பென்சில் மட்டும்.

4. தடித்த நாவலை இரண்டு கூட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சுந்தர ராமசாமியின் ‘குழந்தைகள் பெண்கள் ஆண்கள்’ அப்படிப்பட்டது. 1930களின் கடைசியில் கோட்டயத்தில் வாழ்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை, அவருடைய பிள்ளைப் பருவத்து ஊரும் அதுவே. ஒரே மூச்சில் பேச முயன்றால் பாதிப் பேர் படித்து முடித்திருக்க மாட்டார்கள், அந்தச் சங்கடத்தில் வராமலே நின்றுவிடுவார்கள்.

5. பிள்ளைகளின் பள்ளி அட்லஸை எடுத்துக் கூடத்து நடுவில் விரித்து வையுங்கள். ‘18வது அட்சக்கோடு’ என்ற தலைப்பே ஒரு வரைபடக் கோடு. இந்தியாவின் குறுக்கே 18 என்று எழுதியிருக்கும் கோட்டில் விரல் வைத்து வந்தால், பழைய ஐதராபாத் சமஸ்தானத்தை அறுத்துக்கொண்டு போகும். அதற்குக் கொஞ்சம் கீழே செகந்திராபாத். எங்கள் வீட்டில் ஆறாம் வகுப்பு படிக்கிற பையன் அன்றைக்கு அந்த ஊரைக் கண்டுபிடித்துக் காட்டினான். அதற்குப் பிறகு அங்கிருந்து நகரவே இல்லை, கூட்டம் முடியும்வரை உட்கார்ந்திருந்தான்.

6. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தேதிகளைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இந்த நாவலுக்கு இது இல்லாமல் முடியாது. 1947 ஆகஸ்ட் 15 அன்று எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நம்மில் பலர் பள்ளியில் படித்தோம். ஐதராபாத்தில் அன்றைக்கு எதுவும் முடியவில்லை. நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் இந்தியாவோடு சேரவில்லை. அவருக்கென்று சொந்த நாணயம், சொந்தத் தபால்தலை, சொந்த ரயில்வே இருந்தன. 1947 நவம்பர் 29 அன்று, இருக்கிற நிலை ஒரு வருஷத்துக்கு அப்படியே தொடரட்டும் என்று இந்திய அரசோடு ஓர் ஒப்பந்தம் ஆனது. காசிம் ரஸ்வி தலைமையில் ரஜாக்கர்கள் என்ற தொண்டர் படை வளர்ந்தது, ஊர்களில் பயம் பரவியது. 1948 ஜனவரி 30 அன்று காந்தி சுடப்பட்டார். செப்டம்பர் 13 அன்று இந்திய ராணுவம் உள்ளே நுழைந்தது. 17ஆம் தேதி நிஜாம் போரை நிறுத்திப் பணிந்தார். அதோடும் ரத்தம் நிற்கவில்லை. அதற்குப் பிறகு முஸ்லிம் குடும்பங்கள் பல இடங்களில் பட்ட துன்பத்தைச் சொல்லாமல் அந்த வருஷத்தைச் சொல்ல முடியாது.

இவ்வளவையும் நாவல் வகுப்பு எடுப்பதுபோல நமக்குச் சொல்வதில்லை. சந்திரசேகரன் என்ற தமிழ்ப் பையன், ரயில்வே ஊழியர் வீட்டுப் பிள்ளை, கல்லூரிக்குப் போகிறான், கிரிக்கெட் ஆடுகிறான். சரித்திரம் அவன் தெருவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கிறது. சுவரில் தேதிகள் இருந்தால், அவனுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கிரிக்கெட் மைதானத்தைப் பற்றிப் பேசும்போதே வயிற்றில் ஒரு கலக்கம் வரும்.

7. அதே தாளில் பக்கவாட்டில் ஒரு கோடு கிழித்து, எழுத்தாளரின் வயதைக் குறியுங்கள். சம்பவம் நடந்தபோது என்ன வயது, எழுதி வெளியிட்டபோது என்ன வயது. இந்த இரண்டு எண்கள் போதும். அசோகமித்திரன் 1931 செப்டம்பர் 22 அன்று செகந்திராபாத்தில் பிறந்தவர். நிஜாம் பணிந்த நாளிலிருந்து சரியாக ஐந்தாவது நாள் அவருக்குப் பதினேழு வயது முடிகிறது. நாவல் வெளிவந்தது 1977இல். இடையில் இருபத்தொன்பது வருஷம்! அத்தனை காலம் ஒருவர் மனதில் கிடந்த ஊர், நேற்றுப் பார்த்த ஊர் மாதிரி இருக்காது. சில தெருக்கள் உதிர்ந்துபோயிருக்கும், சில முகங்கள் நேரில் பார்த்ததைவிடத் தெளிவாகியிருக்கும். (இந்தப் பக்கவாட்டுக் கோட்டை மட்டும் ஒரு வெள்ளைத்தாளால் மூடி வையுங்கள். எப்போது எடுப்பது என்பதை 15ஆம் குறிப்பில் சொல்கிறேன்.)

8. உட்காருவதற்கு ஜமக்காளமே நல்லது. நாற்காலியை வட்டமாகப் போட்டால் பள்ளி நிர்வாகக் கூட்டம் மாதிரி ஆகிவிடுகிறது. முட்டி வலி உள்ளவர்களுக்கு மட்டும் இரண்டு மூன்று நாற்காலி, அதையும் வரிசைக்குப் பின்னால் தள்ளாமல் வட்டத்துக்குள்ளேயே போடுங்கள். மின்விசிறியை நடுத்தர வேகத்தில் வைத்தால் மெல்லிய குரலில் பேசுகிறவர்கள் பேச்சும் காதில் விழும்.

9. தின்பதற்கு எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். பஜ்ஜி தொட்ட விரல் புத்தகத்தைத் தொடும், கறை போகவே போகாது. முறுக்கும் வேண்டாம், கடிக்கிற சத்தத்தில் பேச்சு அறுந்துபோகிறது. சுண்டல்தான் சரி. பத்துப் பேருக்கு 350 கிராம் கொண்டைக்கடலை, முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட வேண்டும். மறந்துவிட்டால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டு, குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு மூன்று விசில் கூட விடுங்கள். ஸ்பூன் போட்டுக் கிண்ணத்தில் கொடுங்கள். டீயை முன்னாலேயே போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றிவிட்டால், நீங்களும் உட்கார்ந்து பேசலாம். இதைப் பெண்களுக்கு அழுத்திச் சொல்கிறேன். முதல் ஒரு வருஷம் நான் சமையற்கட்டில் நின்றுகொண்டே பாதிப் பேச்சைத் தவறவிட்டேன்.

10. முதல் அரை மணி நேரம் எழுத்தாளர் பெயரை யாரும் சொல்லக் கூடாது. “சந்திரசேகரன் பயந்தான்” என்று சொல்லலாம். “அசோகமித்திரன் பயந்திருப்பார்” என்று சொல்லக் கூடாது. நாக்குத் தவறினால் உண்டியலில் ஐந்து ரூபாய். அந்தக் காசு அடுத்த மாத டீத்தூளுக்கு ஆகும்.

11. “இதெல்லாம் நிஜமா நடந்ததா?” இந்தக் கேள்வி கண்டிப்பாக வரும். அதை அடக்காதீர்கள், உடனே பதிலும் சொல்லாதீர்கள். சின்னச் சீட்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு, இரண்டு பென்சிலும் வைத்திருங்கள். யாருக்கு எந்த இடத்தில் அந்தச் சந்தேகம் வருகிறதோ, அதை எழுதி மடித்துப் போடட்டும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து, கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: நடந்தது என்றே வைத்துக்கொள்வோம், வாழ்க்கையில் நடந்த ஆயிரத்தில் இதை ஏன் எடுத்தார்? நடக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம், இதை ஏன் சேர்க்க வேண்டியிருந்தது? இரண்டு கேள்விக்குமே பதில் புத்தகத்துக்குள்தான் இருக்கும். அதனால் பேச்சு புத்தகத்தை விட்டு வெளியே ஓடாது.

எங்கள் வட்டத்தில் ஒருவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த ஒன்றரை வருஷத்தில் இரண்டு முறைக்கு மேல் வாய் திறந்ததில்லை. அன்றைக்கு ஒரு சீட்டில் ‘குவார்ட்டர்ஸ் நிஜமா?’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். நான் படித்ததும் அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். “மேடம், அது நிஜம்தான். நான் செகந்திராபாத் போனதே இல்லை, ஆனா அது நிஜம்” என்றார். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டில் யார் இருப்பார் என்பதை நாம் தீர்மானிப்பதில்லை, ஆபீஸ்தான் தீர்மானிக்கிறது. ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மதம், அந்தப் பக்கம் ஒரு மதம், நடுவில் ஒரே குழாய். தண்ணீர் நிற்கிற நேரத்துக்குத்தான் யார் எப்படிப்பட்டவர் என்று தெரியும் என்று சொல்லிக்கொண்டே போனார். அவருடைய அப்பாவும் ரயில்வேதான். சின்ன வயதில் பக்கத்து வீட்டிலிருந்த ஒரு ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஒரே வாரத்தில் சாமான்களைக் கட்டிக்கொண்டு வெளிநாடு போனதையும், அவர்கள் விட்டுப்போன மரக் குதிரை பல வருஷம் தங்கள் தாழ்வாரத்தில் நின்றதையும் சொன்னார். நாற்பது நிமிஷம். யாரும் குறுக்கே பேசவில்லை. ஒரு பாதி உண்மை நாவல், கேட்டுக்கொண்டிருக்கிறவரின் முழு உண்மையை வெளியே கொண்டுவந்துவிடுகிறது. நான் இந்த வட்டத்தை விடாமல் நடத்துவது அதற்காகத்தான்.

12. கனமான காட்சியைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தாதீர்கள். ‘18வது அட்சக்கோடு’ முடிகிற இடம் அப்படிப்பட்டது. கலவரத்தின் நடுவே ஒரு வீட்டுக்குள் போய்விடும் சந்திரசேகரன் முன்னால், தன் குடும்பத்தை விட்டுவிடச் சொல்லி, தன்னையே கொடுக்கத் துணிந்து ஒரு சிறுபெண் வந்து நிற்கிறாள். அவன் வாழ்நாளில் யாருக்கும் தீங்கு செய்யாத பையன். ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு அவனும் அழிக்க வந்தவன். இந்த இடத்தை நாங்கள் வாய்விட்டுப் படிக்கவில்லை. எல்லோரும் அவரவர் புத்தகத்தில் மௌனமாகப் படித்தோம். இரண்டு பேருக்கு ஒரு பிரதி என்பதால் தோளோடு தோள் சேர்ந்து குனிந்திருந்தார்கள். அதற்கப்புறம் ஐந்து நிமிஷம் யாரும் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தேன். மௌனத்தை நிரப்புவதற்காக உடனே ஏதாவது பேசிவிடுவது நம் பழக்கம், அதைத் தடுக்க ஒரு வழி வேண்டும். நான் எழுந்து போய் டீ ஊற்றினேன். டம்ளர் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

13. இளம் பெண்கள் வரும் கூட்டமாக இருந்தால், இப்படி ஒரு காட்சி இருப்பதைப் புத்தகம் கொடுக்கும்போதே தனியாகச் சொல்லிவிடுங்கள். கதையைக் கெடுக்காமல், “கடைசியில் மனசை உலுக்குகிற ஒரு இடம் இருக்கிறது” என்றால் போதும்.

14. கூடத்தில் சொன்னது கூடத்தோடு. இதை ஒவ்வொரு மாதமும் ஆரம்பத்திலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாவலைப் பற்றிப் பேசும்போது எங்களில் ஒரு பெண் தன் பிறந்த வீட்டுச் சொத்துப் பிரிவினையில் நடந்த ஒன்றை அழுதுகொண்டே சொன்னாள். நல்ல எண்ணத்தோடுதான், இன்னொருவர் அதை அப்படியே எழுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். அது இரண்டே நாளில் அவள் அண்ணன் கைக்குப் போய்விட்டது. அவள் அதற்குப் பிறகு வரவில்லை. நானும் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தாள், வருகிறேன் என்று சொல்லவில்லை. அதிலிருந்து எங்கள் குழுவில் தேதி, நேரம், புத்தகத்தின் பெயர் மூன்றும்தான் போடுகிறோம். பேச்சைப் பதிவு செய்வதில்லை. கைபேசிகளை வாசல் திண்ணையில் ஒரு மூங்கில் தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவது.

எழுதுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. 1992இல் ‘கருக்கு’ வந்தபோது, ஊரைக் கேவலமாகக் காட்டிவிட்டார் என்ற கோபத்தில் பாமாவால் பல மாதங்கள் சொந்த ஊருக்குள் நுழைய முடியவில்லை. பெயர் போடாமல் எழுதினாலும் ஊர்க்காரர்களுக்கு ஆள் தெரிந்துவிடும். அதனால் கதாபாத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் நிஜ ஆள் யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று துருவுகிற வேலையை வட்டத்தில் அனுமதிக்காதீர்கள். அந்த மனிதர் தன்னை எழுதச் சொல்லிக் கேட்கவில்லை.

15. எழுத்தாளரின் வாழ்க்கைக் குறிப்பை ஒரே ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, சாமி படத்துக்குக் கீழேயோ அலமாரி மேலேயோ எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வையுங்கள். கூட்டம் முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது, வயதில் சிறியவரைப் பிரித்துப் படிக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு எங்கள் உறையில் இருந்தது இதுதான்: இயற்பெயர் தியாகராஜன், அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, அப்பா இறந்த பிறகு 1952இல் சென்னைக்கு வந்தார், ஜெமினி ஸ்டுடியோவில் பல வருஷம் வேலை பார்த்தார், பிறகு முழுநேர எழுத்து, 1996இல் ‘அப்பாவின் சிநேகிதர்’ சிறுகதைத் தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது, 2017 மார்ச் 23 அன்று காலமானார். படித்து முடித்ததும் சுவரில் மூடியிருந்த வெள்ளைத்தாளை எடுத்தோம். ஐந்து நாள் கணக்கைப் பார்த்த ஒரு கல்லூரி மாணவி, “என் வயசைவிடக் குறைச்சலா அக்கா?” என்றாள். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் அது ஒரு தகவலாகப் போயிருக்கும்.

16. அடுத்த மாதம் அதே எழுத்தாளரின் நான்கைந்து சிறுகதைகளை எடுத்துக்கொண்டால் நல்லது. செகந்திராபாத்தைப் பற்றி அசோகமித்திரன் நிறைய எழுதியிருக்கிறார். ஒரே ஊரைத் திரும்பத் திரும்ப எழுதும்போது அவர் எதை விடாமல் வைத்துக்கொள்கிறார், எதை மாற்றுகிறார் என்பது கண்ணுக்குத் தெரியும்.

17. புத்தகங்கள் திரும்பி வந்ததும் அரை மணி நேரம் நிழலில் விரித்து வைத்துவிட்டு அலமாரியில் ஏற்றுங்கள், வெயில் வேண்டாம். நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ஈர இலையை வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பென்சில் கோடுகளை அழிக்காதீர்கள், அடுத்துப் படிக்கிறவருக்கு அது துணை.

18. வீட்டில் எப்போதும் நான்கைந்து நாற்பது பக்க நோட்டு வாங்கி வைத்திருங்கள். யாராவது அன்றைக்குத் தன் கதையைச் சொல்லிவிட்டுப் புறப்படும்போது, வாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்தில் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள். எழுதுங்கள் என்று சொல்லக்கூட வேண்டாம். பொன்மலைக்காரருக்கு அப்படித்தான் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துத் துணிப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். பதினோரு பக்கம், கோட்டுக்குள் நிற்கிற நிதானமான கையெழுத்து. பக்கத்து வீட்டுக் குடும்பத்தின் பெயர் வருகிற இடத்தில் ஒரு பெயரை எழுதி அடித்து, மேலே இன்னொன்று எழுதி அதையும் அடித்து, மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது. “பேரை மட்டும் மாத்திட்டேன் மேடம். அப்புறம், அந்தக் குதிரைக்கு ஒரு காது உடைஞ்சிருந்ததா எழுதியிருக்கேன். உடைஞ்சிருந்ததா இல்லையான்னு இப்ப ஞாபகம் இல்லை” என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அதைப் படிக்க ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். மொச்சைச் சுண்டல் செய்வதாக இருக்கிறேன். மொச்சைக்குக் கொண்டைக்கடலையைவிட ஒரு விசில் குறைவாக விட்டால் குழையாது.